மேய்ப்பனின் பொன்னாடை: ஆதிக் கிறிஸ்தவக் கலையிற் புறச்சமயக் கூறுகள்

ஆதிக் கிறிஸ்தவக் கலையில் இடம்பெறும் புறச்சமயக் கூறுகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரு கட்சியினராவர். தூய சமயம் மாசுற்றது என்பர் ஒரு சாரார். வென்ற சமயம் தோற்ற தெய்வங்களின் அணிகளைக் கவர்ந்தது என்பர் மறு சாரார். உளி பிடித்த சிற்பியையும் அவனுக்குக் கூலி கொடுத்தவனையும் இவ்விரு சாராருமே மறந்துவிடுகின்றனர்.

ஆட்டைத் தோளிற் சுமக்கும் இளைஞனின் உருவம் இதற்குத் தக்க சான்று. கி.மு. 570 அளவில் ஏதென்ஸிற் செதுக்கப்பட்ட 'கன்று சுமப்போன்' சிலையும், கடா சுமக்கும் ஹேர்மிஸ் தேவனின் உருவங்களும் இதன் முன்னோடிகள். கி.பி. 3ஆம் நூற்றாண்டில் உரோமாபுரிச் செல்வர் தம் கற்பேழைகளில் நாட்டுப்புற வாழ்வின் அமைதிக்குக் குறியாக இவ்வுருவைச் செதுக்குவித்தனர். அந்நூற்றாண்டிலேயே பிரிசில்லா நிலவறைக் கல்லறையின் விதானத்திலும், சிரியாவிலுள்ள டூரா யூரோப்பஸ் நகரின் ஞானஸ்நான அறையிலும் அது நல்லாயனாகத் தோன்றுகிறது. உருவத்தைப் பெரிதும் மாற்றவேண்டிய தேவை எழவில்லை. இறந்தோருக்குக் காவலன் ஒருவன் வேண்டும் என்ற ஏக்கம் இரு சமயத்தாருக்கும் பொதுவாயிருந்தது.

4ஆம் நூற்றாண்டிற் கிறிஸ்தவம் அரசின் ஆதரவைப் பெற்றதும் கூலி கொடுப்போரும் மாறினர். உரோமாபுரியின் நகர ஆளுநனாயிருந்து 359இல் இறந்த யூனியஸ் பாசஸின் கற்பேழையில், அரியணையில் வீற்றிருக்கும் கிறிஸ்துவின் பாதங்களின்கீழ் வானதேவன் கேலஸ் தன் மேலாடையை விரித்துப் பிடித்திருக்கிறான். பழைய தேவன் அழிக்கப்படவில்லை, பாதபீடமாக்கப்பட்டான்.

இத்தகைய உருவங்கள் பேரரசனைப் பார்த்து அமைக்கப்பட்டவை என்ற நெடுநாட் கருத்தைத் தோமஸ் மத்யூஸ் 1993இல் வெளிவந்த தம் நூலில் மறுத்தார். அரியணை அரசனுக்குரியதன்று, தெய்வங்களுக்குரியது என்பது அவர் வாதம். அது வலுவான வாதமே. ஆயினும் தெய்வத்தின் ஆசனத்தையும் அரசனின் ஆடையையும் ஒரே உருவிற் கலக்கச் சிற்பிகளும் ஓவியர்களும் தயங்கியதாகத் தெரியவில்லை.

இரவென்னா நகரிற் பேரரசன் தியோடோசியஸின் மகள் கல்லா பிளாசிடியாவின் பெயரால் வழங்கும் 5ஆம் நூற்றாண்டு மண்டபத்தில், வாயிலின் மேலே வண்ணக் கற்களாற் பதிக்கப்பட்ட நல்லாயனைக் காணலாம். அங்கே அவன் பொன்னாடை அணிந்து, ஊதா மேலாடை தரித்து, கோலுக்குப் பதிலாகப் பொற்சிலுவை ஏந்திப் பாறைமீது அமர்ந்திருக்கிறான். அருகிலுள்ள ஆடொன்றின் முகத்தைக் கைநீட்டித் தொடுகிறான். தோளில் ஆடில்லை.