பாகம் பாகமாக ஒரு கம்ப்யூட்டர்

கேமிங் கம்ப்யூட்டரை ரெடிமேடாக வாங்குவதைவிட, பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்துச் சேர்ப்பதில் உள்ள சுகமே தனி. சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி விலை கேட்கும்போதே அது தொடங்கிவிடுகிறது.

பட்ஜெட்டில் பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும். திரையில் விரியும் உலகை வரைவது அதுதான். ஆனால், மிச்சம் பிடிக்கிறேன் என்று பவர் சப்ளையில் கை வைக்கக் கூடாது. அது மட்டமாக இருந்தால் மற்ற எல்லாப் பாகங்களுக்கும் ஆபத்து.

சேர்க்கும் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது பிராசஸரை உட்கார வைப்பது. 2022-இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டில் தலைமுடிபோல் மெல்லிய 1718 பின்கள் இருக்கின்றன. பிராசஸரின் மூலையில் உள்ள சிறு தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் குறியோடு சேர்த்து மெல்ல வைத்தால் போதும், அழுத்தவே வேண்டாம். ரேம் அப்படியல்ல. ஓரங்களைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினால்தான் ‘டக்’கென்று கொக்கி மாட்டும்.

சில வருடங்கள் கழித்து கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றினால், அதே பெட்டியில் புது கேம்கள் ஓடும். எந்த ஸ்க்ரூ எங்கே என்று தெரிந்தவருக்கு அது ஒரு மாலை நேர வேலைதான்.