கஞ்சாவும் கட்சிக் கொடியும்

சமூகத்தில் பலர் தீயது என்று கருதிவருகிற ஒரு வஸ்துவைச் சட்டத்தின் தடையிலிருந்து விடுவிப்பதாகத் தன் தேர்தல் அறிக்கையில் எழுதி, அதற்காக ஓர் அரசியல் கட்சி மக்களிடம் வாக்குக் கேட்கலாமா என்று வினவினால், கஞ்சாவைப் பற்றிய தம் சொந்த அபிப்பிராயத்தையே விடையாகச் சொல்லிவிடுவது பலருக்கு வழக்கமாக இருக்கிறது. கஞ்சாவைத் தீமை என்று எண்ணுகிறவர் கூடாது என்கிறார். அதற்கு விதிக்கும் தண்டனையே பெருந்தீமை என்று எண்ணுகிறவர் வேண்டும் என்கிறார். ஆனால் ஒரு கொள்கை நல்லதா என்பது ஒரு விசாரணை. அந்தக் கொள்கையை ஒரு கட்சி தன் கொடியில் எழுதிக்கொள்வதால் அதற்கு நன்மை விளையுமா என்பது மற்றொரு விசாரணை. இந்த இரண்டாவது விசாரணைக்குக் கனடா, தாய்லாந்து, உருகுவே என்னும் மூன்று தேசங்கள் சமீப காலத்தில் தம் அனுபவத்தால் விடை தந்திருக்கின்றன.

கட்சி என்னும் ஸ்தாபனத்தின் தோள் இல்லாமல் இத்தகைய சீர்திருத்தம் நகராது என்பதற்குக் கனடாவின் சரித்திரமே சாட்சி. 1969-ஆம் ஆண்டில் ஜெரால்ட் லெ டெயின் தலைமையில் அந்நாட்டு சர்க்கார் நியமித்த விசாரணைக் கமிஷன், கஞ்சாவைச் சொந்த உபயோகத்துக்காக வைத்திருப்பதைக் குற்றமாகக் கொள்ள வேண்டாம் என்று 1972-இல் வெளியிட்ட அறிக்கையில் பெரும்பான்மையாகப் பரிந்துரை செய்தது. அக்கமிஷனை நியமித்தது லிபரல் கட்சியின் சர்க்கார். அறிக்கையைப் பெற்றுக்கொண்டு அதை நிறைவேற்றாமல் விட்டதும் அதே கட்சியின் சர்க்கார். நாற்பது ஆண்டுகள் கழிந்தன. சட்டைப் பையிலிருந்த ஒரு சிறு பொட்டலத்துக்காக எத்தனையோ இளைஞர்கள் அந்த நாற்பது ஆண்டுகளிலும் குற்றவாளிகளின் பதிவேட்டில் ஏறிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில், 2011 தேர்தலில் 34 ஸ்தானங்களோடு மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டுவிட்ட அந்தக் கட்சி, 2012 ஜனவரியில் ஒட்டாவாவில் கூடிய மாநாட்டில், தன் இளைஞர் பிரிவினர் கொணர்ந்த தீர்மானத்தை நூற்றுக்கு 77 பேரின் ஆதரவோடு நிறைவேற்றியபோதுதான், நிபுணர்கள் என்றோ கண்ட முடிவுக்கு மீண்டும் உயிர் வந்தது. நிபுணர் உண்மையை அறியலாம், எழுதலாம். ஊர் ஊராகச் சென்று அந்த உண்மைக்காகப் பழி ஏற்று நிற்கும் பொறுப்பு அவருடையதன்று. அந்தப் பொறுப்பைத்தான் கட்சி ஏற்கிறது. கட்சியின் தலையாய பயனும் இதுவே என்று நான் கருதுகிறேன்.

தோல்வியின் அடியாழத்தில் கிடந்த கட்சிக்குத் துணிவு எளிது, இழப்பதற்கு என்ன இருந்தது என்று கேட்பவர் உண்டு. அது உண்மையாகவே இருக்கட்டும். 2015-இல் 184 ஸ்தானங்களோடு வெற்றி பெற்ற பின் அக்கட்சி வாக்கை மறக்கவில்லை, அவசரப்படவும் இல்லை. ஆன் மக்லெல்லன் தலைமையில் ஒரு குழுவை அமைத்து ஆலோசனை கேட்டு, 2017 ஏப்ரலில் மசோதாவைக் கொண்டுவந்து, இரு சபைகளிலும் விவாதித்து, 2018 அக்டோபர் 17 அன்று சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது. பொது இடத்தில் 30 கிராம் வரை வைத்திருக்கலாம், வீட்டில் நான்கு செடி வளர்க்கலாம் என்பன போன்ற வரம்புகளெல்லாம் அனுமதி பிறந்த அன்றே உடன்பிறந்தவை.

தாய்லாந்தில் நடந்தது வேறு. அங்கே கஞ்சா பாட்டி வைத்தியத்திலும் சமையலிலும் பழகிய செடிதான் என்றாலும், போதைப்பொருள் சட்டத்தின் கொடுமையில் அத்தேசம் எதற்கும் பின்தங்கியதன்று. 2003-ஆம் ஆண்டில் அப்போதைய பிரதமர் தக்சின் ஷினவத்ரா தொடுத்த போதை ஒழிப்புப் போரில் மூன்று மாதங்களுக்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சிறைகளிலிருந்தோரில் பெரும்பாலோர் போதைப்பொருள் வழக்குகளில் அகப்பட்டவர்களே. அத்தகைய மண்ணில், வடகிழக்கிலுள்ள புரிராம் மாகாணத்தில் வேர்கொண்ட பூம்ஜைதாய் கட்சி, வீட்டுக்கு ஆறு கஞ்சாச் செடி என்று 2019 தேர்தலில் பிரசாரம் செய்தது. சிறைக்கூடங்களைப் பற்றியோ தண்டனையின் அநீதியைப் பற்றியோ அப்பிரசாரம் முதன்மையாகப் பேசவில்லை. நெல்லுக்கும் கரும்புக்கும் விலை கிடைக்காத குடியானவனுக்கு இது பணப்பயிர் என்று பேசியது. 51 ஸ்தானங்களைப் பெற்ற அக்கட்சியின் தலைவர் அனுத்தின் சார்ன்விரகூல், ப்ரயுத் சான்-ஓ-சாவின் கூட்டணி மந்திரிசபையில் பொதுச் சுகாதார மந்திரியானார்.

வாக்கை நிறைவேற்ற அவர் தேர்ந்துகொண்ட வழியே பின்னர் வந்த சிக்கல்களுக்கெல்லாம் காரணம். புதிய சட்டம் இயற்றுவதற்கு முன்னதாக, கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கும் அறிவிப்பு வெளியாகி, 2022 ஜூன் 9 அன்று அமலுக்கு வந்தது. போதைச் சத்து 0.2 சதவீதத்துக்கு மேற்பட்ட சாறு மட்டுமே தடைக்குள் நின்றது. இலையும் பூவும் விடுபட்டன. வீடுகளுக்குப் பத்து லட்சம் செடிகள் இலவசமாக வழங்கப்படும் என்று மந்திரி அறிவித்தார். யார் விற்கலாம், எந்த வயதினருக்கு விற்கலாம், எவ்வளவு வைத்திருக்கலாம் என்றெல்லாம் வரையறுக்க வேண்டிய மசோதாவோ அதற்கு முந்தைய தினந்தான் முதல் வாசிப்பைக் கடந்திருந்தது. கூரை வேயாமல் குடிபுகுந்த வீட்டின் நிலைதான். இருபது வயதுக்குட்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் விற்கக் கூடாது என்ற தடை, பாரம்பரிய வைத்தியச் சட்டமொன்றின் கீழ், சில தினங்கள் கழித்து அவசரமாகப் பிறந்தது. பாங்காக் நகரின் ஆளுநர் தம் பள்ளிக்கூடங்களைக் கஞ்சா புகாத இடங்களாகத் தாமே அறிவிக்க வேண்டியதாயிற்று. தெருவில் புகைப்பவரைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் நாற்றத்துக்கும் தொந்தரவுக்குமாகத் தண்டிக்க நேர்ந்தது. மருந்துக்காக என்று சொல்லித் திறந்த வாசலின் வழியே சுற்றுலாப் பயணிகளுக்கான கடைகள் ஆயிரக்கணக்கில் முளைத்தன.

மசோதா என்ன ஆயிற்று? 2022 செப்டம்பரில், கூட்டணியிலேயே இருந்த ஜனநாயகக் கட்சியினரும் எதிர்க்கட்சியினரும் சேர்ந்து அதை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் சொன்ன ஆட்சேபங்களில் நியாயம் இருந்தது. ஆயினும் தேர்தல் அண்மித்துக்கொண்டிருந்த அந்த வேளையில், மசோதா நிறைவேறினால் அதன் கீர்த்தி முழுவதும் ஒரே கட்சிக்குப் போய்ச் சேரும் என்ற எண்ணமும் அவர்களை இயக்கியிருக்கும் என்றே தோன்றுகிறது. ஒரு கட்சி ஒரு காரியத்தைத் தன் தனிச்சொத்தாக்கிக்கொள்ளும்போது, அக்காரியத்துக்கு நண்பராகக்கூடியவர்களும் அக்கட்சிக்குப் பகைவராயிருந்தால் காரியத்துக்கும் பகைவராகிவிடுகிறார்கள். கட்சி முன்னின்று நடத்தும் சீர்திருத்தத்தின் ஆழ்ந்த குறை இதுதான். 2023 மார்ச்சில் பாராளுமன்றம் கலைந்தபோது மசோதா நிறைவேறாமலே இருந்தது.

அதன் பின்னர் அச்செடியின் விதியை மந்திரிசபையின் கூட்டணிக் கணக்கே நிர்ணயித்தது. மீண்டும் தடைசெய்வோம் என்று வாக்களித்திருந்த ஃபியூ தாய் கட்சி, பூம்ஜைதாயின் ஆதரவோடு ஆட்சிக்கு வந்தது. பிரதமர் ஸ்ரேத்தா தவீசின் 2024 மே மாதத்தில் கஞ்சாவை மீண்டும் பட்டியலில் சேர்க்க உத்தரவிட்டு, கூட்டணித் துணைவரின் எதிர்ப்பைக் கண்டு ஜூலையில் பின்வாங்கினார். 2025 ஜூனில், எல்லைத் தகராறு பற்றிய அப்போதைய பிரதமரின் ஒரு தொலைபேசி உரையாடல் வெளியானதையொட்டி பூம்ஜைதாய் கூட்டணியிலிருந்து விலகியது. கஞ்சாவோடு அதற்கு எவ்விதச் சம்பந்தமும் இல்லை. சில தினங்களுக்குள் சுகாதார மந்திரி, வைத்தியரின் சீட்டு இல்லாமல் கஞ்சாப் பூவை விற்கக் கூடாது என்று ஆணை பிறப்பித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அனுத்தின் பிரதமராகவே வந்தார். 2022-இல் கைநழுவிய சட்டம் அவரோடு கூடவே வந்துவிடவில்லை. கட்சியின் சொல்லை நம்பி, கடன் வாங்கிக் கொட்டகை போட்டுப் பயிரிட்ட சிறு விவசாயியை எண்ணும்போது மனம் வருந்துகிறது. எந்தக் குடியானவனின் பெயரால் வாக்குக் கேட்கப்பட்டதோ, அந்தக் குடியானவனே நிச்சயமற்ற நிலையில் விடப்பட்டான்.

இதற்கு நேர்மாறான ஒரு வழியை உருகுவேயில் காண்கிறோம். ஹொசே முஹிகா ஜனாதிபதியாயிருந்தபோது, ஃப்ரெந்தே அம்ப்லியோ என்னும் இடதுசாரி முன்னணி கொண்டுவந்த மசோதாவுக்கு அன்றைய மக்கள் கருத்தில் பெரும்பான்மை எதிராகவே இருந்தது. 2013 ஜூலையில் கீழ்ச்சபையில் 96 பேரில் 50 பேர் ஆதரித்து அது தேறியது. மசோதாவில் உடன்பாடில்லை என்று வெளிப்படையாகச் சொன்ன ஓர் உறுப்பினரும் கட்சிக் கட்டுப்பாட்டுக்காக ஆதரித்தார் என்பதை அறியும்போது, மனச்சாட்சியைக் கட்சி இப்படி நிர்ப்பந்திக்கலாமா என்று சந்தேகம் எழுவது இயல்பே. அந்தச் சந்தேகத்தை நான் முழுவதும் களைந்துவிடவில்லை. ஆனால் சட்டம் எத்தகையது என்று பாருங்கள். பணப்பயிர் என்ற ஆசை அதில் இல்லை. சுற்றுலாப் பயணிக்கு இடமில்லை. விளம்பரத்துக்கு அனுமதி இல்லை. வயது வந்த குடிமகன் தன் பெயரைப் பதிவுசெய்துகொண்டு, வீட்டுச் செடி, அங்கத்தினர் சங்கம், மருந்துக்கடை ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும்; மருந்துக்கடையில் மாதத்துக்கு 40 கிராமுக்கு மேல் கிடையாது. அதே கட்சியைச் சேர்ந்த அடுத்த ஜனாதிபதி தபரே வாஸ்கேஸ் புற்றுநோய் வைத்தியர். அவருக்கு இதில் உற்சாகமில்லை. மருந்துக்கடை விற்பனை 2017 ஜூலை வரை தாமதப்பட்டது. பதிவுக்கு அஞ்சிக் கள்ளச்சந்தையிலேயே வாங்குவோர் இன்றும் உண்டு. குறைகள் பல. எனினும் 2020-இல் ஆட்சி எதிர்த்தரப்பின் கைக்கு மாறியபோது, அச்சட்டத்தைப் புதியவர்கள் அழிக்கவில்லை. ஆர்ப்பாட்டமில்லாத, யாருக்கும் கொழுத்த லாபம் தராத ஒரு சட்டத்தை அழிப்பதனால் அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய வெற்றி ஏதும் இருக்கவில்லை.

ஆகவே கட்சி இதைக் கையிலெடுக்கலாம், எடுக்கவும் வேண்டும் என்பதே என் முடிவு; ஆனால் செடியை வாக்குறுதியாகக் கொடுக்கலாகாது, சட்டத்தையே வாக்குறுதியாகக் கொடுக்க வேண்டும். இளம்பருவத்திலேயே தொடங்கி நாள்தோறும் மிகுதியாக உபயோகிப்பவர்களுக்குச் சித்தப்பிரமை முதலிய மனநோய்கள் வரும் அபாயம் கூடுதல் என்பதை மறைத்துப் பேசும் கட்சி, தன் வாதத்தைத் தானே பலவீனப்படுத்துகிறது. கனடாவிலேயே, கஞ்சா கலந்த மிட்டாயை அனுமதித்த மாகாணங்களில், அதை அறியாமல் தின்று ஆஸ்பத்திரியில் சேர்ந்த குழந்தைகளின் தொகை, அத்தகைய தின்பண்டங்களை மறுத்த கியூபெக்கைவிட அதிகமாயிற்று. வியாபாரிக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்பதைக் கட்சி முன்கூட்டியே தீர்மானித்துச் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது.

இன்னொன்றையும் நான் சொல்லியாக வேண்டும். தாய்லாந்தின் அறிவிப்பு அமலுக்கு வந்தபோது, கஞ்சா வழக்குகளில் சிறையிலிருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடுதலையானார்கள். அவ்வளவு குழப்பத்தினிடையிலும் அக்கட்சி செய்த மேலான காரியம் அதுவே. அதைத் தன் பிரசாரத்தின் முதன்மைப் பொருளாக அது வைத்துப் பேசவில்லை. பெரும்பாலானவற்றை ஒழுங்காகச் செய்த கனடாவோ இந்த ஒன்றில் பின்தங்கிற்று. பழைய சிறு குற்றத்துக்கு மன்னிப்பு வழங்கும் சட்டம், புதிய சட்டம் அமலாகிப் பல மாதங்கள் சென்று 2019-இல் வந்தது. 631 டாலர் கட்டணம் தள்ளுபடியாயிற்று என்றாலும், பாதிக்கப்பட்டவரே ஆவணங்களைத் திரட்டி விண்ணப்பிக்க வேண்டும் என்ற நிபந்தனையினால் மிகச் சிலரே பயன்பெற்றார்கள். வைத்திருந்ததற்கான பழைய தண்டனைப் பதிவுகளைத் தனியே பிரித்து வைக்க வேண்டும் என்று 2022-இல்தான் வேறொரு சட்டம் விதித்தது. அதற்கும் இரண்டு ஆண்டுகள் அவகாசம் கொடுத்தது. கிராமுக்கு ஒரு டாலர் கலால் வரியை முதல் நாளிலிருந்தே வசூலிக்கத் தெரிந்த சர்க்காருக்கு, அந்தப் பதிவுகளையும் முதல் நாளிலேயே நீக்கியிருக்க இயலும்.