அந்தக் கோரல்கள் யாருடையவை?

லுத்தரன் சபையில் மக்கள் பாடப்போகும் பாட்டின் மெட்டை ஆர்கனில் முன்கூட்டியே விரித்து வாசிப்பதுதான் கோரல் முன்னிசை. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மனியில் இவை பெரும்பாலும் கைப்பிரதிகளாகவே புழங்கின. மாணவர் ஆசிரியரின் ஏட்டைப் பார்த்து எழுதுவார். ஆக்கியவர் பெயர் சில நேரம் விடுபடும், சில நேரம் மாறிப்போகும். பாக் குடும்பத்தில் அதே பெயருடன் பல இசையமைப்பாளர்கள் இருந்தது குழப்பத்தைக் கூட்டியது.

இந்தச் சிக்கலுக்கு அறிஞர்கள் கைக்கொள்ளும் முதல் கருவி நடை. அதில் எனக்கு நம்பிக்கை குறைவு. யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்த நோய்மைஸ்டர் தொகுப்பைப் பாருங்கள். 1984இல் அது வெளிச்சத்துக்கு வந்தபோது அதிலுள்ள 82 முன்னிசைகளில் 38 யோகான் செபாஸ்தியன் பாக்கின் பெயரில் இருந்தன. அவற்றுள் 31 அதுவரை அறியப்படாதவை. சில எளிமையானவை, சில தடுமாறுபவை. 'இது பாக்கின் தரம் இல்லை' என்று ஒதுக்குவது சுலபம். ஆனால் அந்தத் தரம் முதிர்ந்த பாக்கிடமிருந்து எடுத்தது. அதைக்கொண்டு இளைஞன் பாக்கை அளந்தால், முடிவை முன்பே எழுதிவிட்டுச் சான்று தேடுவதாகிவிடும்.

ஏட்டின் வரலாற்றை ஆராயும் முறை இதைவிட உறுதியானது. நோய்மைஸ்டர் தன் பெயரால் அறியப்படும் இந்தத் தொகுப்பைப் படியெடுத்தது 1790க்குப் பின், அதாவது பாக் இறந்து நாற்பது ஆண்டுகள் கழித்து. சந்தேகப்பட இடமுண்டு. எனினும், பாக்கே தொகுத்த 'ஓர்கெல்பூக்லைனில்' உள்ள இரண்டு முன்னிசைகள், அவற்றின் முந்தைய வடிவத்தில், அவர் பெயரிலேயே இங்கும் இருக்கின்றன. காதை நம்பாமல் கிடைக்கும் சான்று இது. என்னை இணங்கவைத்ததும் இதுதான். ஆனாலும் இரண்டு பெயர்கள் சரியாக இருப்பதால் மற்ற முப்பத்தாறும் சரி என்று ஆகிவிடாது.

இதே தொகுப்பு பாக்கிடமிருந்து ஒன்றைப் பறிக்கவும் செய்கிறது. அவருடையதாக எண்ணப்பட்டு, பாக் படைப்புப் பட்டியலில் பி.டபிள்யூ.வி. 723 என்று எண்ணிடப்பட்ட முன்னிசை, இங்கே யோகான் மிகாயேல் பாக்கின் பெயரில் இருக்கிறது. செபாஸ்தியனின் முதல் மனைவிக்குத் தந்தை அவர், 1694இல் மறைந்தவர்.

நடையை ஒதுக்கிவிடவும் முடியாது. அதே பட்டியலில் ஐயத்துக்குரிய படைப்புகளுக்கான பின்னிணைப்பில் கிடந்த ஒரு கோரல் கற்பனை (கோரல் மெட்டை விரிவாகக் கையாளும் ஆர்கன் படைப்பு), 2008இல் ஹாலேயில் முழுமையாகக் கிடைத்து, பி.டபிள்யூ.வி. 1128 ஆனது. கையில் இருந்தது வில்ஹெல்ம் ருஸ்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதிய படி மட்டுமே. அவ்வளவு பிந்திய படிக்கு இசையின் உள்ளமைப்பும் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

நடைமுறையில் என்னை உறுத்துவது வேறொன்று. பெயர் போனதும் இசையையும் கைவிடுகிறார்கள். மிகாயேல் பாக்கின் அந்த முன்னிசையை அவர் பெயரிலேயே நிகழ்ச்சி நிரலில் அச்சிட்டு வாசிக்கலாம். பதிப்பாளர்களும் ஒவ்வொரு படைப்பின் கீழும் யார், எப்போது படியெடுத்தார் என்று போடலாம்.