நின்ற கூத்தை மீண்டும் தொடங்குதல்: ஊவாத் தோட்டங்களின் கூத்துக்களை முன்வைத்துச் சில கதைக்கருக்கள்

நின்றுபோன கூத்தொன்றை மீண்டும் ஆட முனைவோர் எதிர்நோக்கும் முதற் சிக்கல் உடுப்பும் தப்பும் பற்றியதன்று. கதையை எவ்விடத்திலிருந்து எடுப்பது என்பதே. கூத்தின் மாந்தர் தேவராகவும் தேவரை ஒத்த வீரராகவும் இருக்குமிடத்து இச்சிக்கல் மேலும் கடினமாகிறது. பெறவேண்டிய வரங்களைப் பெற்று, வெல்லவேண்டிய பகைவரை வென்றுவிட்டவர்களுக்கு இனி என்ன கதை எஞ்சியுள்ளது? பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களிற் கூத்தை மீட்க விரும்பும் இளைஞரை மனங்கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. கைகாக்சும் ஆர்னெசனும் ஆக்கி 1974 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டில், மேசையைச் சுற்றி அமர்வோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, நடுவர் ஒருவர் வழிநடத்தக் கதையை நடத்திச் செல்வர். பாத்திரங்கள் படிப்படியாக வலிமை பெறும். உச்சப் படியை எட்டியவர்களுக்கு ஈடான பகைவர் அரிதாகிவிடுவர். 1976 இல் வெளிவந்த துணைநூலொன்று தெய்வங்களின் வலிமையையும் எண்களால் அளந்து வழங்கியது. தெய்வத்தையும் எதிரியாக நிறுத்தும் வழி இவ்வாறு திறந்தது. ஆயின், பகைவனைப் பெரிதாக்கிக்கொண்டே செல்வது கதையை வளர்ப்பதாகாது. அளவு மாறுகிறதேயன்றி உறவு மாறுவதில்லை.

நமது கூத்துக்கள் நின்றமைக்குக் காரணம் கதை தீர்ந்தமை அன்று. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றோராக்கியது. 1964 ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. கூத்து என்பது வேடம் கட்டுபவரும், தப்படிப்பவரும், கதையை மனத்தில் வைத்திருக்கும் வாத்தியாரும் ஒரே மண்ணில் வாழ்வதால் நிலைப்பது. குடும்பங்கள் பிரிக்கப்பட்டபோது வேடங்களும் பிரிந்தன. ஆகவே, மீளத் தொடங்குதல் என்பது கலைச்சிக்கலாக இருக்கும் அளவுக்குச் சமூகச் சிக்கலுமாகும்.

மலையகத்தில் வேரூன்றிய முக்கிய கூத்துக்கள் மூன்று: அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர், காமன் கூத்து. மூன்றும் தத்தம் முடிவிலேயே புதிய தொடக்கத்துக்கான கருவைக் கொண்டுள்ளன என்பது நமது கருத்து.

அருச்சுனன் தபசில் வீரன் பாசுபதம் பெறுகிறான். அதனினும் உயர்ந்த படைக்கலம் வேறில்லை. ஆயினும் பாரதக் கதையின் இறுதிப் பகுதியில், கண்ணன் மறைந்தபின் துவாரகைப் பெண்களை அழைத்துச் செல்லும் அருச்சுனனால் வழிப்பறிக்காரரைத் தடுக்க முடியவில்லை. அத்திரங்களை அழைக்கும் மொழியும் நினைவுக்கு வரவில்லை. இங்கிருந்து கதையைத் தொடங்கலாம். பகைவனைப் பெரிதாக்குவதற்கு மாறாக வீரனின் வலிமையை அகற்றுவது இவ்வழி. ஆயின், வலிமையை ஒருபோதும் பெற்றிராத மக்கள் வலிமை இழந்த அரசகுமாரனின் துயரைத் தம் துயராக ஏற்பரோ என்பது ஐயத்துக்குரியது.

பொன்னர் சங்கர் கொங்கு நாட்டு நிலவுடைமை வீரரின் கதை. அதனைத் தலைமுறைகளாக ஆடியவரோ நிலமற்ற கூலித் தொழிலாளர். இம்முரண்பாடு தனியே ஆராயத்தக்கது. படுகளத்தில் வீழ்ந்த அண்ணன்மாரைத் தங்கை எழுப்புவதும், மீண்டெழுந்தும் அவர்கள் நெடிது வாழாமையும் கதைமரபு. எனவே அவர்களை மீண்டும் போருக்கு இழுப்பது பொருத்தமன்று. அவர்களுக்காக முரசறைந்து முன்நின்று போரிட்ட, ஒடுக்கப்பட்ட குலத்துச் சாம்புகனைத் தலைமை மாந்தனாக்கலாம். ஆண்டைகள் மறைந்தபின் அவன் எவருக்காக முரசறைவான்? இவ்வொரு வினாவே ஓர் இரவுக் கூத்துக்குப் போதுமானது.

இவ்விரண்டினும் ஆழமான கரு காமன் கூத்தில் உள்ளது. மாசி மாதத்தில் காமன் ஊன்றுதலோடு தொடங்கி, ரதியும் மதனும் லயன் வாசல்தோறும் ஆடிச் சென்று, இறுதி இரவில் தகனத்தோடு உச்சம் எய்தும் கூத்து இது. சிவனின் நெற்றிக்கண்ணால் எரிந்த காமன், ரதியின் வேண்டுதலால் மீள்கிறான். ஆனால் அவன் உடல் ரதியின் கண்ணுக்கு மட்டுமே புலப்படும்; ஏனையோர்க்கு அவன் உருவற்றவன். தஞ்சைப் பகுதி லாவணியில் எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் வாதிடுவது அறிந்ததே. நாம் எழுப்ப விரும்பும் வினா மூன்றாவது: எரிந்தவன் முழுமையாக மீண்டானா?

மீளவில்லை என்பதே கதையின் விடை. ரதிக்குக் கிடைத்தது தனிப்பட்ட நிவாரணம். ஊருக்குக் கிடைத்தது அவன் இன்மை. குடியுரிமை பின்னர்ச் சட்டங்களால் வழங்கப்பட்டது. ஆயினும் லயன் அறையும் நிலமின்மையும் எஞ்சிய வரலாற்றை இவ்வரைகுறை மீட்சியோடு இணைத்து நோக்குவது மிகையாகாது. தகனத்துக்கு மறுநாள் ரதி வாசல்தோறும் மீண்டும் வருகிறாள். தான் காண்பவனை ஏனையோர்க்கும் காட்டுமாறு ஊரைச் சான்றுக்கு அழைக்கிறாள். சிவன் பகைவனல்லன், பாதி வரம் தந்தவன். அவனிடம் மீதியைக் கேட்கும் துணிவு ரதிக்கும் ஊருக்கும் உண்டா என்பதே புதிய கதையின் மோதல்.

ஒரு மறுப்பு எழக்கூடும். காமன் கூத்து நேர்த்தியோடு கூடிய சடங்கு. அதில் கைவைத்தல் தகுமா? நாம் கூறும் கதை சடங்கு முடிந்தபின் தொடங்குகிறது. சடங்கின் ஓர் அடியும் மாறவேண்டியதில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ (1964) முதலியவற்றால் கூத்தின் உருவத்தைச் செப்பனிட்டார். மௌனகுருவின் ‘சங்காரம்’ (1969) ஒடுக்குமுறைகளை அரக்கராக உருவகித்து உள்ளடக்கத்தை மாற்றியது. இரண்டும் முன்னோக்கிய அடிகளே. ஆயினும் அரக்கன் வீழ்வதோடு பார்வையாளன் நிறைவெய்திவிடுகிறான். தீராத வரமோ அவனை வீட்டுக்கும் பின்தொடரும்.

இறுதியாக ஒன்று. ரதி வேடத்தை ஆண்களே கட்டுவது மரபு. தோட்டத்தில் கொழுந்து பறிப்போரிற் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் பொட்டலின் ஓரத்தில் நின்று தம் கதையைப் பிறர் ஆடக் கண்டவர்கள். மீதி வரத்தைக் கேட்கும் ரதியாக அவர்களுள் ஒருத்தி களத்தில் இறங்குவாளாயின், கூத்து மீண்டும் தொடங்கியது என நாம் கூறலாம். அன்றேல், நின்ற இடத்திலிருந்து பழைய கூத்தே தொடர்ந்தது என்றே கொள்ளவேண்டும்.