பெனால்டியில் தோற்றோம் என்பது பாதி உண்மை

இந்தியன் சூப்பர் லீக்கில் புதுச்சேரிக்குச் சொந்த அணி கிடையாது. ஆனாலும் சீசன் தொடங்கிவிட்டால் ஊரில் வருத்தத்துக்குப் பஞ்சமில்லை. சென்னையின் எஃப்.சி. தோற்றால் லாஸ்பேட்டைக்காரர் ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிவைப்பார். கேரளா பிளாஸ்டர்ஸ் தோற்றால், இதே யூனியன் பிரதேசத்தின் இன்னொரு துண்டாகக் கண்ணூருக்கும் கோழிக்கோட்டுக்கும் நடுவே கிடக்கும் மாஹே வாடிப்போகும். பிரான்ஸ் தோற்றால், பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் வழிவந்த சொல்தா குடும்பங்களில் துக்கம். 1962இல் தாத்தா பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டதற்காகப் பேரன் இன்று எம்பாப்பேயின் கவலையையும் சேர்த்துச் சுமக்கிறான். மூன்று துக்கத்திலும் ஒரே வசனம்தான் கேட்கும்: "அது பெனால்டியே இல்ல." அல்லது, "நமக்குக் குடுக்க வேண்டியத அந்தாளு குடுக்கல."

இதை வெட்டிப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. கால்பந்து விதிகளைக் கூர்மையாகப் படித்தவர்களில் பலர் டீக்கடை பெஞ்சில்தான் இருக்கிறார்கள். ஆனால் விதியை அலசுவதில் இருக்கிற அந்தக் கூர்மை, தன் அணி ஏன் தோற்கிறது என்று பார்க்கும்போது மழுங்கிவிடுகிறது.

முதலில் பெனால்டி விதிக்கு வருவோம். அயர்லாந்தின் மில்ஃபோர்ட் என்னும் சிற்றூரில் கோல்கீப்பராக ஆடிய வில்லியம் மெக்ரம் 1890இல் முன்வைத்த யோசனை இது. பந்தெல்லாம் தன் வலைக்குள் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கோல்கீப்பரே இப்படி ஒரு தண்டனையைக் கேட்டார் என்பது வேடிக்கைதான். கனவான்கள் வேண்டுமென்றே காலை வாரமாட்டார்கள் என்று நம்பிய ஆங்கிலேயப் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். இருந்தும் 1891 ஜூனில் விதி ஏற்கப்பட்டது. இன்று நாம் பார்க்கும் பெட்டியும் புள்ளியும் 1902இல் வந்தவை.

கோளாறு அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. அகலம் 40.3 மீட்டர், ஆழம் 16.5 மீட்டர். கோலுக்கு நேரே, வலையைப் பார்த்து நிற்பவனை வீழ்த்தினாலும் பெனால்டி. பெட்டியின் மூலையில், கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறவனின் காலைத் தெரியாமல் மிதித்தாலும் அதே பெனால்டி. நான்கு பெனால்டியில் மூன்று கோலாகிவிடும். ஒரு ஆட்டத்தில் மொத்தமே இரண்டு மூன்று கோல் விழுகிற விளையாட்டில் இது மிகப் பெரிய தண்டனை. இன்னொரு பக்கம் பார்த்தால் இதே தண்டனை போதவும் போதாது. 2010 உலகக் கோப்பை காலிறுதியின் கடைசி நொடியில் கோலுக்குள் போய்க்கொண்டிருந்த பந்தை உருகுவேயின் சுவாரஸ் கையால் தட்டினார். சிவப்பு அட்டை, பெனால்டி எல்லாம் முறைப்படி நடந்தது. கானாவின் அசமோவா ஜியான் அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டுப் போயிற்று. கோல் கோடு தாண்ட வேண்டிய பந்துக்கு ஈடாக, கோலாகலாம், ஆகாமலும் போகலாம் என்கிற ஒரு வாய்ப்பு. கானா வெளியேறியது.

அப்படியானால் குற்றத்துக்கேற்ற தண்டனை என்று படிப்படியாகப் பிரித்துவிடலாமே என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான். ஆனால் இந்த விதி உலகக் கோப்பைக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. மீனவக் குப்பத்து மணலில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஆடும் ஆட்டத்துக்கும் அதே விதிதான். அங்கே கேமரா கிடையாது, லைன்ஸ்மேன்கூடப் பாதி நாள் இருக்கமாட்டார். கோட்டுக்கு உள்ளா, வெளியா என்ற ஒரே கேள்வியோடு தீர்ப்பு முடிந்தாக வேண்டும். நியாயத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத் தெளிவை வாங்கியிருக்கிறார்கள். என் கணக்கில் அந்த பேரம் லாபம்தான்.

ரசிகர்களின் வாதத்தால் பயனே இல்லை என்பவர்கள் விதிப் புத்தகத்தின் அண்மை வரலாற்றைப் பார்க்கவில்லை. பந்தை எடுக்க முயன்று தவறிய தடுப்பாட்டக்காரருக்குப் பெனால்டி, சிவப்பு அட்டை, அடுத்த ஆட்டத்துக்குத் தடை என்று மூன்று அடி விழுவது அநியாயம் என்று ஆண்டுக்கணக்காகக் கத்தினார்கள். 2016இல் அது மஞ்சள் அட்டையாக இறங்கியது. 2025 மார்ச்சில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான டைபிரேக்கரில் அட்லெடிகோவின் ஹூலியன் ஆல்வரெஸ் வழுக்கியபோது பந்து அவருடைய இரு காலிலும் பட்டதாக வீடியோ உதவி நடுவர் முறையான வி.ஏ.ஆர். கண்டுபிடித்து, கோலை ரத்து செய்தது. உலகமே இரண்டாகப் பிரிந்து சண்டையிட்டது. சில மாதங்களுக்குள் விதிக்குப் புது விளக்கம் வந்தது: தெரியாமல் இருமுறை பட்டு கோலானால், மறுபடி அடிக்கலாம். சத்தத்தால் மட்டுமே விதி மாறியது என்று சொல்லமாட்டேன். சத்தமே இல்லாமல் இருந்திருந்தால் இத்தனை சீக்கிரம் மாறியிருக்காது.

ஹேண்ட்பால் மட்டும் இன்னும் தீராத வழக்கு. 2018 உலகக் கோப்பையில் வி.ஏ.ஆர். வந்ததும் 29 பெனால்டிகள் தரப்பட்டன. அதற்கு முன் எந்தக் கோப்பையிலும் அவ்வளவு இல்லை. இறுதியாட்டத்தில் 1-1 என்றிருந்தபோது குரோஷியாவின் பெரிசிச் கையில் பந்து பட்டதை ரெஃப்ரி பித்தானா திரையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து பெனால்டி கொடுத்தார். கிரீஸ்மன் அடித்தார். அன்று பிரான்ஸ் பக்கம் நின்ற நம்மூர்க்காரர் யாரும் அந்த விதியைக் குறை சொன்னதாக எனக்கு நினைவில்லை. 2009இல் தியரி ஆன்றி பந்தைக் கையால் அணைத்து அயர்லாந்தை வெளியேற்றியபோதும் இதே மௌனம்தான். நமக்குச் சாதகமான தவறு நம் கண்ணில் படுவதில்லை. ரசிகனிடம் நடுநிலையை எதிர்பார்ப்பது அபத்தம் என்பதால் இதைப் பெரிய குற்றமாக நான் எழுதிவைக்கவில்லை.

ரசிகனின் பெரிய குற்றம் வேறு. 1982 ஜூலை 8, செவில் நகரம், உலகக் கோப்பை அரையிறுதி. ஜெர்மன் கோல்கீப்பர் ஷூமாக்கர் பாய்ந்து மோதியதில் பிரான்ஸின் பத்திஸ்தோன் பல் உடைந்து நினைவிழந்து விழுந்தார். ரெஃப்ரி ஃபவுல்கூடக் கொடுக்கவில்லை. பிரெஞ்சு ரசிகர்களின் நெஞ்சில் நாற்பது ஆண்டுக்கு மேலாக ஆறாத புண் அது. கோபம் நூற்றுக்கு நூறு நியாயம். ஆனால் அந்தக் கதையைச் சொல்பவர்கள் அநேகமாக ஒன்றை விட்டுவிடுவார்கள்: கூடுதல் நேரத்தின் 98ஆம் நிமிடத்தில் பிரான்ஸ் 3-1 என்று முன்னிலையில் இருந்தது. அப்போதும் பின்னால் ஆளை நிறுத்தாமல் நான்காவது கோலைத் தேடிப் போனார்கள். ருமெனிகெ ஒன்று, ஃபிஷர் ஒன்று, 3-3. டைபிரேக்கரில் 5-4 என்று தோல்வி.

இப்போது 2021 ஜூன் 28க்கு வாருங்கள். யூரோ கோப்பையில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக மறுபடியும் 3-1 முன்னிலை. கடைசிப் பத்து நிமிடத்தில் இரண்டு கோல் வாங்கி மறுபடியும் 3-3. டைபிரேக்கரில் மறுபடியும் 5-4. எம்பாப்பே அடித்ததை சோமர் தடுத்தார் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. கையில் இருந்த ஆட்டத்தைக் கடைசியில் கோட்டைவிட்டது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? 2022 இறுதியாட்டத்தில் அர்ஜென்டினாவின் முதல் பெனால்டி சரியா என்று இன்றும் பேசுகிறார்கள். பேசட்டும். ஆனால் 41ஆம் நிமிடத்திலேயே ஜிரூவையும் டெம்பெலேயையும் பயிற்சியாளர் தெஷாம் வெளியே எடுக்க வேண்டிய நிலை வந்ததே, அதற்கு ரெஃப்ரி காரணமில்லையே.

பெனால்டி வாதத்தின் வசதி இதுதான். ஒரு நொடி, ஒரு ஆள், ஒரு விசில். குற்றவாளியைக் கையோடு பிடித்துவிடலாம். நடுக்களத்தில் பந்து ஏன் நிற்கவில்லை, மாற்று ஆட்டக்காரர் ஏன் தேறவில்லை, வெளிநாட்டு வீரர் தேர்வில் எங்கே பிசகியது என்பதற்கெல்லாம் விசில் கிடையாது. நிதானமாகப் பல ஆட்டங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நம் பக்கத்து வீட்டு அணியையே எடுத்துக்கொள்வோம். சென்னையின் எஃப்.சி. 2015இல் முதல் கோப்பையை வென்ற இறுதியாட்டத்தில் கோவாவின் கோல்கீப்பர் கட்டிமணி இரண்டு பெனால்டிகளைத் தடுத்தார். முதலாவது திரும்பி வந்ததை பெலிசாரி தட்டிவிட்டதால் கோலானது. மெண்டோசா அடித்த இரண்டாவது வீண். ஆட்டம் முடியும் தறுவாயில் 2-1 என்று பின்தங்கியிருந்த அணி, அடுத்தடுத்து இரண்டு கோல் விழக் கோப்பையைத் தூக்கியது. பெனால்டியை வீணடித்தும் வெல்லலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். 2018 மார்ச்சில் அதே அணி மறுபடி சாம்பியன். அடுத்த சீசனில் 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, ஒன்பது புள்ளி, கடைசி இடம். இதை எந்த ரெஃப்ரி தலையில் கட்டுவது? 2024-25இல் 13 அணிகளில் 11ஆம் இடம் வந்தபோதும் கேள்வி அதேதான்.

கடைசி இடம் வந்தாலும் ஒன்றும் ஆகாது என்பது 2024-25 வரை ஐ.எஸ்.எல்.லின் தனிக் குறையாக இருந்தது. ஐரோப்பிய லீக்குகளில் அடியில் கிடக்கும் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும்; அந்தப் பயத்தில் ரசிகன் ஒவ்வொரு புள்ளியையும் எண்ணுவான், நிர்வாகத்தை உலுக்குவான். 2023-24இல் ஐதராபாத் சீசன் முழுக்க ஒரே ஒரு ஆட்டத்தில் வென்று கடைசியில் வந்தது. அடுத்த ஆண்டும் அதே லீக்கில் ஆடியது. இறங்கும் பயமில்லாத லீக்கில் நிர்வாகத்துக்குப் பொறுப்பும் இல்லை. ரசிகனின் ஆத்திரம் போக மிஞ்சுகிற ஒரே வாசல் ரெஃப்ரி. வி.ஏ.ஆர். வேறு இருக்கவில்லை; அதன் எளிய வடிவம் ஒன்றைக் கொண்டுவருவதாக 2023இல் பேசினார்கள், 2024-25 முடியும்வரை வரவில்லை. ஆகவே இந்திய ரசிகன் ரெஃப்ரியைத் திட்டுவதற்குக் காரணம் அவன் அறிவுக்குறைவு மட்டுமல்ல, லீக்கை அமைத்த விதமும்தான்.

இதில் கேரளா பிளாஸ்டர்ஸின் ரசிகர் அமைப்பான மஞ்சப்படைக்காரர்கள் சுவாரஸ்யமான பாடம். 2023 மார்ச் 3 அன்று பெங்களூரில் சுனில் சேத்ரி, தடுப்புச் சுவர் நிற்கும் முன்பே ஃப்ரீ கிக்கை அடித்து கோலாக்கியதை ஏற்காமல் பிளாஸ்டர்ஸ் அணியே களத்தைவிட்டு வெளியேறியது. நான்கு கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்குத் தடை. ரசிகர்கள் பல மாதம் அந்த ஒரு உதையிலேயே உழன்றார்கள். 2024 டிசம்பரில் அதே ரசிகர் கூட்டம் வேறு முடிவெடுத்தது: அணியின் மோசமான நிலைக்கு நிர்வாகமே பொறுப்பு, இனி டிக்கெட் வாங்கி விற்கமாட்டோம் என்று அறிவித்தது. விசிலை விட்டுவிட்டு முதலாளியைக் கேள்வி கேட்டார்கள். அந்த சீசனிலும் அணி தேறவில்லைதான். ஆனால் கேள்வி போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போனது.

புதுச்சேரியில் அப்படி ஒரு கேள்வி எழுந்து நான் கேட்டதில்லை. மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியில் இந்தப் பிரதேசத்தின் பெயரில் ஒரு அணி ஆடுகிறது. கேரளம் 2022இல் மஞ்சேரியில் வங்கத்தை டைபிரேக்கரில் வென்று ஏழாவது முறை சாம்பியனானதை மாஹே கொண்டாடியிருக்கும். தன் சொந்தப் பிரதேசத்து அணியில் யார் ஆடினார்கள் என்று அங்கே கேட்டால் பதில் வருமா என்பது சந்தேகம். இங்கேயும் அதே கதைதான். பாரிஸில் எடுத்த தீர்ப்பை நள்ளிரவில் அலசுகிறவர்கள், உப்பளம் மைதானத்தில் பட்டப்பகலில் வசவு வாங்கும் உள்ளூர் ரெஃப்ரிக்கு என்ன பயிற்சி, ஆட்டத்துக்கு என்ன கூலி என்று விசாரிப்பதில்லை. பெனால்டி பற்றி இவ்வளவு தெரிந்தவர்களில் சிலராவது ரெஃப்ரி தேர்வெழுதப் போகலாம்; மற்றவர்கள் அடுத்த சந்தோஷ் டிராபிக்கு அணியை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், எத்தனை நாள் பயிற்சி கொடுத்தீர்கள் என்று சங்கத்தாரிடம் நேரில் போய்க் கேளுங்கள்.