‘பார்’ வினையும் கண்வழிப் பொருளும்

‘பார்’ என்னும் வினைக்கு அகராதிகள் தரும் பொருள்வரிசையில் கண்ணால் நோக்குதலே முதலிடம் பெறுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனும் இதற்கு விலக்கன்று. ஆராய்தல், கவனித்தல் முதலியன அதன் கிளைகளாகப் பின்னர் வருகின்றன. துணைவினையாகும்போது இச்சொல்லின் பொருள் வெளிறிவிடுகிறது என்னும் கருத்தும் இவ்வரிசையை ஒட்டி எழுந்ததே. அன்றாட வழக்கு இதற்கு முழுமையாக இடந்தரவில்லை.

குழம்பில் உப்புப் பார்ப்பது நாக்கு. நாடி பார்ப்பது விரல். பார்வையற்ற ஒருவர் ‘துணியைத் தொட்டுப் பார்த்தேன்’ என இயல்பாகச் சொல்வார். கேட்போர்க்கு அதில் முரண் தோன்றாது. ‘பார்வை’ என்னும் பெயர் பெரிதும் கண்ணோடு நிற்க, அதன் வினையோ கண்ணைக் கடந்துவிட்டது. இவற்றை உருவகம் என ஒதுக்கினால் வேலை பார்த்தல், நாள் பார்த்தல், சாதி பார்த்தல் என வழக்கின் பெரும்பகுதி உருவகமாகிவிடும். பெண் பார்க்கும் சடங்கில் கண்ணுக்கு வேலை உண்டுதான். எனினும் ‘மூன்று ஆண்டுகளாகப் பெண் பார்க்கிறார்கள்’ என்னும் தொடர் குறிப்பது தேடலையே.

‘காண்’ வினையோடு ஒப்பிடும்போது இது மேலும் தெளிவாகும். ‘எங்கும் தேடிப் பார்த்தேன், காணவில்லை’ என்பதில் இரு வினைகளையும் இடமாற்ற இயலாது. முன்னது முயற்சி, பின்னது அதன் பேறு. வெற்றி காண்கிறோம், வெற்றி பார்ப்பதில்லை. உடம்பில் காய்ச்சல் காண்கிறது. ஈழத்தமிழில் ‘காணும்’ என்பது ‘போதும்’ எனப் பொருள்படுவதும் அளவு நிறைந்தமையைக் குறிப்பதே. ‘கதவைத் திறந்து பார்த்தான், திறக்கவில்லை’ என்பது பிழையற்ற தொடர். ‘திறந்தான், திறக்கவில்லை’ என்றால் முரண்படும். எனவே துணைவினையாகிய ‘பார்’ இங்கு வெறும் ஒட்டன்று. முடிவு அறியப்படாத முயற்சி என்னும் தன் பொருளை அது தாங்கியே நிற்கிறது.

‘சுவர் விழப் பார்த்தது’ என்னும் வழக்கு இவ்விளக்கத்துக்குள் எளிதில் அடங்குவதில்லை. சுவருக்கு முயற்சி இல்லை. எட்டப்படாத முடிவு மட்டுமே எஞ்சுகிறது. பொருள் வெளிறல் என்னும் கருத்துக்கு வலுவுள்ள இடம் இதுவே. ஆயினும் இந்த ஒரு வகையைக் கொண்டு துணைவினை முழுவதையும் அளப்பது பொருந்தாது.

கண்ணைக் கடந்த காட்சி மரபிலக்கணத்துக்குப் புதிதன்று. தொல்காப்பிய வேற்றுமை மயங்கியல் ‘நோக்கல் நோக்கம்’ என ஒன்றைத் தனித்துக் கூறி, அதற்கு ஏதுப்பொருளையும் உடன்படுகிறது. கண்ணால் நோக்குவதினின்று வேறான, மனத்தால் நோக்குதலாக உரையாளர் அதனை விளக்குவர். ‘நோக்கு’ வினைக்கு இலக்கணம் வழங்கிய இவ்விடம் ‘பார்’ வினைக்கு அகராதியில் கிடைக்கவில்லை.

பழைய ஆட்சிகளைக் காலமுறைப்படி அடுக்கும் அகராதி கண்வழிப் பொருளை முன்வைப்பதற்குக் காரணம் காட்டலாம். தற்கால வழக்குக்கான அகராதிக்கு அக்காரணம் இல்லை. ‘ஒன்றன் நிலையைப் புலனாலோ மனத்தாலோ அறிய முற்படுதல்’ என்பதை அது முதற்பொருளாக்கி, கண்ணால் பார்த்தலை அதன்கீழ் ஒரு வகையாக வைத்தல் தகும். அப்போது ‘தொட்டுப் பார்’ என்பதற்கு விதிவிலக்குக் குறிப்பு எழுத வேண்டியிராது.