கல்லாவும் ஆட்டவிதிதான்

மொபைல் கேம்களுக்குப் பரிசு கொடுப்பவர்களைக் குறை சொன்னால் இப்போதெல்லாம் ஒரே பதில்தான் வருகிறது: “ஏன், பலாட்ரோ ஜெயிக்கவில்லையா?” ஜெயித்தது. 2024ஆம் ஆண்டு தி கேம் அவார்ட்ஸ் விழாவில் சிறந்த மொபைல் கேம் பரிசு அதற்குத்தான் போனது. பெயரை வெளியே சொல்லாத ஒரு தனியாள் உருவாக்கிய சீட்டாட்டம். ஒருமுறை காசு கொடுத்து வாங்கிவிட்டால் உள்ளே கடையும் கிடையாது, விளம்பரமும் கிடையாது. பரிசுக்கு முழுத் தகுதி உண்டு, அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் இறுதிப் பட்டியலில் அதோடு நின்ற மற்ற நான்கையும் பாருங்கள்: ஏஎஃப்கே ஜர்னி, போகிமான் டிசிஜி பாக்கெட், வூதரிங் வேவ்ஸ், ஜென்லெஸ் ஸோன் ஜீரோ. நான்கிலும் காசு போட்டுக் குலுக்கல் இழுக்கும் ஏற்பாடு இருக்கிறது. முந்தைய ஆண்டு வென்ற ஹொங்காய் ஸ்டார் ரெயிலும் 2021இல் வென்ற ஜென்ஷின் இம்பாக்ட்டும் அதே ரகம்தான். இரண்டும் ஒரே சீன நிறுவனத்தின் தயாரிப்பு. ஐந்தில் நான்கு குலுக்கல் கடையாக இருந்த பட்டியலில் ஐந்தாவது ஜெயித்ததை வைத்து நடுவர்களுக்குக் கண் திறந்துவிட்டது என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் எதைப் பார்த்து ஜென்ஷினுக்குக் கொடுத்தார்களோ அதையே பார்த்துத்தான் பலாட்ரோவுக்கும் கொடுத்தார்கள் என்பது என் ஐயம்.

மொபைல் கேமைத் தரம் பார்க்கும் வழக்கமே வீண் என்று சொல்லவரவில்லை. பெரிய திரைக்காரர்கள் வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிய காலத்தில், 2014இல், த்ரீஸையும் மான்யுமென்ட் வேலியையும் தேடிப்பிடித்து முன்னால் நிறுத்தியது ஆப்பிள் கடையின் ஆசிரியர் குழுதான். கட்டைவிரல் திரையை மறைக்கிறதா, அரைமணியில் போன் சுடுகிறதா, நின்றுகொண்டே பஸ்ஸில் ஒரு கையால் ஆட முடியுமா என்றெல்லாம் பொறுப்பாகப் பார்த்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் தமிழ் யூடியூபர்கள் விலை குறைந்த போனில் ஓட்டி, எங்கே திணறுகிறது என்று காட்டுவதும் உருப்படியான வேலைதான்.

என் புகார் வேறு, பழையதும்கூட. கிராஃபிக்ஸ், கன்ட்ரோல், கதை, இசை என்று வரிசையாகப் புள்ளி போட்டுவிட்டு, கடைசியில் ‘உள்ளே வாங்கும் வசதி உண்டு, கட்டாயமில்லை’ என்று ஒரு வரியில் கடந்துபோகிறார்களே, அந்த ஒரு வரிதான். “கேமைக் கேமாகப் பார், வியாபாரம் வேறு விஷயம்” என்று இதற்கு ஒரு கொள்கை விளக்கமும் தருகிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கேண்டி க்ரஷை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து உயிர், போனால் அரைமணிக்கு ஒன்றாகத்தான் திரும்பும். இது வியாபாரமா, ஆட்டவிதியா? இன்னும் இரண்டு ஜெல்லி மிச்சம் இருக்கும்போது நகர்த்தல்கள் தீர்கின்றன; உடனே ஐந்து நகர்த்தல் கூடுதலாக வேண்டுமா என்று கேட்டு ஒரு பொத்தான் எழுகிறது. அந்த லெவலின் கடினத்தை நிர்ணயித்தது யார்? ஆட்டக்காரனின் மூளைக்குச் சவால் வைக்க நினைத்த வடிவமைப்பாளரா, அந்தப் பொத்தானை எத்தனை பேர் அழுத்துகிறார்கள் என்று கணக்குப் பார்க்கிறவரா? வெளியே இருக்கும் விமர்சகருக்குத் தெரிய வழியே இல்லை. தெரியாமலேயே ‘லெவல் வடிவமைப்பு அபாரம்’ என்று எழுதிவிடுகிறார். ஓட்டலில் சாப்பாடு வேறு, பில் வேறு என்று பிரித்துப் பேசலாம். இங்கே கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்தான் சாம்பாருக்கு உப்பும் போடுகிறார்.

ஜென்ஷினைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் பாராட்டுகளில் பெரும்பங்கு அதற்குத்தான் கிடைத்தது. 2020 செப்டம்பரில் வந்தது. அந்த ஆண்டே ஆப்பிளும் கூகுளும் அதைத் தலைசிறந்த கேம் என்றன. புல்வெளி அழகு, மலையேறுவது சுகம், இசை உயர்தரம். எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். இப்போது குலுக்கல் திரைக்கு வாருங்கள். பொத்தானை அழுத்தியதும் வானத்தின் குறுக்கே ஒரு எரிநட்சத்திரம் இறங்குகிறது. நீல நிறம் என்றால் மூன்று நட்சத்திரப் பொருள், ஊதா என்றால் நான்கு, பொன்னிறமாக மாறினால் ஐந்து. நிறம் மாறுமா மாறாதா என்று மூச்சைப் பிடித்துக்கொள்ளும் அந்தச் சில நொடிகள்தான், என் கணக்கில், கேமிலேயே மிகச் சிறந்த அனிமேஷன். அவ்வளவு திறமையும் காசு போகும் வாசலில் வந்து குவிந்திருப்பது தற்செயல் என்று யாராவது நினைத்தால் அவர் நல்ல மனிதர்.

ஐந்து நட்சத்திரம் விழ ஒரு இழுப்புக்கு 0.6 சதவீத வாய்ப்பு. தொண்ணூறாவது இழுப்பில் நிச்சயம் கிடைக்கும். ஆனால் அது நீங்கள் ஆசைப்பட்ட பாத்திரமாகத்தான் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. அந்தமுறை தவறினால் அடுத்த ஐந்து நட்சத்திரத்தில் கட்டாயம் உண்டு. ஆக, அதிர்ஷ்டம் கெட்டவர் 180 வரை இழுக்க வேண்டும். இதன் விலை என்ன என்று உடனே சொல்லுங்கள் பார்க்கலாம். சொல்ல முடியாது. ரூபாயைக் கொடுத்து ஜெனிசிஸ் கிரிஸ்டல் வாங்க வேண்டும். அதைப் பிரைமோஜெம்மாக மாற்ற வேண்டும். 160 பிரைமோஜெம் கொடுத்தால் ஒரு இழுப்புக்கான சீட்டு. மிகச் சிறிய பொதியில் 60 கிரிஸ்டல்தான். அதை வாங்கியவரால் ஒருமுறைகூட இழுக்க முடியாது. இந்த மாற்றுச் சங்கிலி பொருளாதாரமல்ல, புதிர். அதுவும் ஆட்டக்காரர் தோற்கவென்றே போட்ட புதிர். கேமின் உள்ளே வரும் கோயில் புதிர்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து எழுதிய விமர்சகர்களில் எத்தனை பேர் இதையும் ஒரு புதிராக எடுத்துக்கொண்டு அவிழ்த்தார்கள்? கடைசியில் அந்த வேலையை அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் செய்தது. உண்மையான செலவை இந்த நாணய அடுக்குகள் மறைக்கின்றன என்று புகார் எழுப்பி, 2025 ஜனவரியில் 2 கோடி டாலருக்கு உடன்பாடு வாங்கியது. 16 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்குப் பெற்றோர் சம்மதமில்லாமல் குலுக்கல் விற்கக் கூடாது என்றும் கட்டுப்படுத்தியது. விமர்சகர் முதல் மாதமே உட்கார்ந்து போட்டிருக்க வேண்டிய கணக்கை நாலு வருஷம் கழித்து வக்கீல்கள் போட்டார்கள்.

“நான் ஒரு பைசா செலவழிக்காமல் கதை முழுக்க முடித்தேன்” என்று சிலர் நெஞ்சை நிமிர்த்துவார்கள். பொய்யில்லை, முடிக்கலாம். ஆனால் அவருடைய நேரத்தையும் கேம்தான் அளந்து கொடுக்கிறது. பாத்திரத்தை வலுவாக்கத் தேவையான ரெசின் எட்டு நிமிடத்துக்கு ஒன்று வீதம்தான் ஊறும். ஒரு குகைச் சண்டையின் பரிசை எடுக்க இருபது வேண்டும். அதாவது இரண்டே முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவான காத்திருப்பு. தவிர, காசு கொடுக்காதவரின் சாட்சியத்தை வைத்து இந்தத் தொழிலை எடைபோடவே முடியாது. எபிக் நிறுவனம் ஆப்பிள் மீது போட்ட வழக்கில் 2021இல் வந்த தீர்ப்பு ஒரு விவரத்தைப் பதிந்திருக்கிறது: ஆப்பிள் கடை வருமானத்தில் சுமார் 70 சதவீதம் கேம்களிலிருந்து வருகிறது, அந்த 70 சதவீதத்தைக் கொடுப்பவர்கள் மொத்த வாடிக்கையாளர்களில் 10 சதவீதத்துக்கும் குறைவு. தொழிலுக்குள் பெருஞ்செலவாளிகளைத் ‘திமிங்கிலம்’ என்பார்கள். வலை யாருக்காகப் பின்னப்பட்டது என்று பார்க்காமல், கண்ணி வழியே தப்பிப்போன நெத்திலியிடம் போய் வலை நன்றாயிருக்கிறதா என்று கேட்பதைத்தான் விமர்சனம் என்கிறோம்.

விமர்சனம் எப்போது எழுதப்படுகிறது என்பதும் சேர்ந்துகொள்கிறது. வெளிவந்த முதல் வாரத்தில். அந்த வாரம் கேம் வள்ளலாக இருக்கும்; இலவச இழுப்புகள் கொட்டும், ரெசின் தீர்வதற்குள் புதுக் கதை வந்துவிடும். இறுக்கம் தெரிவது வாரங்கள் கழித்துத்தான். நட்சத்திர மதிப்பீடுகளோ இன்னும் மோசம். பயனர் ஈடுபாட்டோடு இருக்கும் தருணத்தில், உதாரணமாக ஒரு லெவல் முடித்த கையோடு, மதிப்பீடு கேளுங்கள் என்பது ஆப்பிளே தயாரிப்பாளர்களுக்குத் தரும் யோசனை. ஜெயித்த மகிழ்ச்சியில் இருப்பவர் ஐந்தைத் தட்டிவிட்டுப் போகிறார்.

2022இல் ஆப்பிள் ஐபோனின் சிறந்த கேம் என்று அறிவித்தது ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் மொபைலை. மே மாதம் வந்த கேம், நவம்பர் இறுதியில் பரிசு. மறுவருடம் ஜனவரி முடிவதற்குள் மூடுவிழா அறிவிப்பு வந்தது. 2023 மே 1 அன்று சர்வரை நிறுத்தினார்கள். ஒரு வயதுகூட முடியவில்லை. இன்று அந்தப் பரிசு சரியா தவறா என்று சோதிக்க வேண்டும் என்றால் ஆடிப்பார்க்க எதுவுமில்லை. த்ரீஸை இன்றும் ஆடலாம்.

வயதுச் சான்று கொடுப்பவர்களின் கூத்து தனி. ஐரோப்பாவின் பெகி அமைப்பு பலாட்ரோவுக்கு 18 வயது முத்திரை குத்தியது, போக்கர் சீட்டின் படம் இருக்கிறதே என்று. அதே அமைப்பு, காசு கொடுத்து வீரர் பொதிகளை உடைத்துப் பார்க்கும் இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி கால்பந்துக்கு 3 வயது என்றது. மேல்முறையீட்டுக்குப் பிறகு 2025 பிப்ரவரியில் பலாட்ரோவை 12க்கு இறக்கினார்கள். சீட்டின் படம் சூதாட்டம், சீட்டுக் குலுக்கல் விளையாட்டு! தமிழ்நாட்டில் நாமும் இணைய ரம்மியைப் பற்றிச் சட்டமன்றம் முதல் உயர்நீதிமன்றம் வரை வருடக்கணக்கில் பேசினோம், பேச வேண்டியதுதான். பணம் திரும்பி வரும் வாய்ப்பு இருந்தால் சூது, போட்ட காசு ஒருபோதும் திரும்பாது என்றால் குழந்தைகள் விளையாட்டு என்ற கோடு மட்டும் எனக்கு விளங்கவில்லை.

கடைக்காரரே நடுவராக இருப்பதையும் சொல்ல வேண்டும். பெரிய நிறுவனங்களின் உள்விற்பனையில் 30 சதவீதம் ஆப்பிளின் வழக்கமான பங்கு. அதே ஆப்பிள் 2019இல் தொடங்கிய ஆர்கேட் சந்தாவில் விளம்பரமும் கூடாது, உள்விற்பனையும் கூடாது என்று விதி வைத்தது. வித்தியாசம் அவர்களுக்கு நன்றாகவே தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். தெரிந்தும் 2024இல் ஆர்கேட் பரிசைப் பலாட்ரோவுக்கும் ஐபோன் பரிசைக் குலுக்கல் கேமான ஏஎஃப்கே ஜர்னிக்கும் ஒரே கையால் கொடுத்தார்கள். முதலாவது மதிப்பீடு, இரண்டாவது விளம்பரம். இப்படிச் சொல்வது கடுமை என்பவர்கள் அந்த 30ஐ மறுபடி ஒருமுறை படிக்கட்டும்.

அப்படியானால் இலவச கேமுக்குப் பரிசே கூடாதா என்று கேட்பார்கள். கூடும். கடையை மனசுக்குள் மூடிவிட்டு மிச்சம் என்ன நிற்கிறது என்று பார்த்தால் போதும். 2022இல் தி கேம் அவார்ட்ஸில் வென்ற மார்வெல் ஸ்னாப்பில் மூன்று இடங்கள், ஆறு சுற்றுகள், தைரியம் இருந்தால் நடுவில் பந்தயத்தை இரட்டிப்பாக்கும் உரிமை. இந்த விதிகளைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாலும் இரண்டு பேர் உட்கார்ந்து ஆடுவார்கள். கேண்டி க்ரஷின் 65ஆவது லெவல் ஒருகாலத்தில் பேர்போன முட்டுக்கட்டை, பிறகு இளக்கிவிட்டார்கள். அதன் கடினத்துக்கு ஆட்டம் சார்ந்த காரணம் ஏதாவது இருந்திருந்தால் இளக்கியபோது யாராவது வருத்தப்பட்டிருக்க வேண்டும். ஸ்னாப்பிலும் கார்டு சேர்க்கும் பாதையில் வெகுதூரம் போய்ப் பார்த்தால் நான் கொடுத்த சலுகை கொஞ்சம் தாராளம் என்று தோன்றக்கூடும். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.